சோம்ரோங்கிலிருந்து தோபான் வரை: ஒரு நாள் நடையும் இரண்டு வேளைச் சோறும்

நேபாளத்தில் அன்னபூர்ணா மலையடியில் உள்ள பேஸ் கேம்புக்கு நடந்து போக நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஷூவைப் பற்றி. அடுத்து குளிரைப் பற்றி. எத்தனை மணிக்கு, எங்கே, என்ன சாப்பிடுவது என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. மூன்று முறை அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். பாதி வழியில் திரும்பி வந்தவர்கள் என்று நான் பார்த்த பலரையும் கால் கைவிடவில்லை, வயிறுதான் கைவிட்டது.

நான் ஒரு மாணவர் விடுதியில் 19 வருஷம் ஸ்டோர் கணக்கு எழுதியவள். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் அடுப்படிக்குத்தான் போகும். நேபாள மலைக் கிராமங்களில் அந்தப் பழக்கம் எனக்கு ரொம்ப உதவியது. அங்கே ஒரு நாள் நடை என்பது அடுப்பின் நேரத்தோடு ஒட்டிப் போக வேண்டிய ஒன்று. அடுப்பு எப்போது எரிகிறது, எப்போது ஓய்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடந்தால் உடம்பு தாங்கும். நம் ஊர் நேரத்தையும் நம் ஊர் பசியையும் தூக்கிக்கொண்டு போனால் சிரமம்தான்.

எல்லா நாளையும் சொல்லப் போனால் நீண்டுவிடும். ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன்: அந்தப் பாதையில் உள்ள சோம்ரோங்கிலிருந்து தோபான் வரை. இந்த ஒரு நாளைச் சரியாக நடந்து, சரியாகச் சாப்பிட்டுவிட்டால் மீதி நாட்களை நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள்.

கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியா உட்பட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1000 நேபாள ரூபாய். வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் மலையேற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் விதி வந்தது. விதி இருக்கிறதோ இல்லையோ, முதல்முறை போகிறவர்கள் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். பணத்தை, மலைக்குக் கிளம்பும் நகரமான போக்ராவிலேயே நேபாள ரூபாயாக மாற்றிக்கொள்ள வேண்டும். மேலே ஏடிஎம் கிடையாது. நம்முடைய 100 ரூபாய்க்கு அங்கே 160. மழைக்காலத்தில் அட்டையும் நிலச்சரிவும் இருக்கும், அதனால் அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச் கடைசியிலிருந்து மே முதல் பாதி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் ராத்திரியே தொடங்கும் வேலை

சோம்ரோங் சுமார் 2170 மீட்டர் உயரத்தில் இருக்கும் குருங் மக்களின் கிராமம். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், கேழ்வரகும் உருளைக்கிழங்கும் போட்ட படிக்கட்டு வயல்கள். இதுதான் பாதையில் உள்ள கடைசி நிஜமான ஊர். இதற்கு மேலே இருப்பதெல்லாம் நடப்பவர்களுக்காகக் கட்டிய லாட்ஜ்கள்தான்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போதே காலை என்ன வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும் என்று ஆர்டர் நோட்டில் எழுதிவிடுங்கள். எல்லா லாட்ஜிலும் ஒரு நோட்டு இருக்கும். அறை எண், பண்டம், நேரம், அவ்வளவுதான். காலையில் எழுந்து வந்து மெனுவைப் புரட்டினால் முக்கால் மணி நேரம் போய்விடும். இந்தப் பாதையில் காலை முக்கால் மணி நேரம் என்பது பெரிய சொத்து. காலையில் வானம் தெளிவாக இருக்கும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து மூடிக்கொள்ளும். பல நாள் மழையும் உண்டு.

அறை வாடகை மிகக் குறைவாக இருப்பதைப் பார்த்துச் சிலர் அறையை எடுத்துக்கொண்டு, பையில் கொண்டுவந்த நூடுல்ஸைத் தின்று படுத்துவிடுகிறார்கள். அது தவறு. தங்கும் இடத்திலேயே சாப்பிட வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத ஒப்பந்தம். அவர்களுக்கு வருமானம் சமையலில்தான். மேலே போகப் போகச் சாப்பாட்டு விலை ஏறும். அதில் பேரம் பேசாதீர்கள். கீழ்ப்பகுதியில் கோவேறு கழுதைகள் மணி குலுங்கச் சுமை ஏற்றி வரும். சோம்ரோங்குக்கு அடுத்து வரும் சினுவாவுக்கு மேலே நான் பார்த்ததெல்லாம் மனித முதுகுதான். கேஸ் சிலிண்டரை நெற்றிப் பட்டையில் கட்டிச் சுமந்துகொண்டு ஒருவர் படியேறுவதைப் பார்த்தவர்கள் ஒரு கிளாஸ் டீயின் விலையை மறுபடி கேட்க மாட்டார்கள்.

விடிகாலை: வயிறு நிறையக் கூடாது

ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். அன்னபூர்ணா சவுத் சிகரமும் மீன்வால் போல இரண்டாகப் பிளந்த மச்சபுச்ரேயும் சோம்ரோங்கிலிருந்தே தெரியும். மச்சபுச்ரே 6993 மீட்டர். 1957-ல் ஏறப் போன குழு உச்சிக்குச் சுமார் 50 மீட்டர் கீழேயே நின்று திரும்பியது. அதற்குப் பிறகு அது புனித மலை என்று அரசு அனுமதி கொடுப்பதில்லை. வெயில் அதன் நுனியில் விழும்போது ஒரு டம்ளர் டீயோடு முற்றத்தில் நில்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நேபாள மலைக்காரர்கள் காலையில் நம்மைப் போல டிபன் சாப்பிடுவதில்லை. எழுந்ததும் ஒரு டீ, கூட பிஸ்கெட்டோ ரொட்டியோ. பிறகு பத்து மணி வாக்கில் முழுச் சோறு. மதியம் இரண்டு, மூன்று மணிக்குக் 'காஜா' என்று சின்னதாக ஏதாவது. ராத்திரி மறுபடி முழுச் சோறு. அதாவது சோறு இரண்டே வேளை. என் முதல் பயணத்தில் இது தெரியாமல் காலையிலேயே முட்டை, கஞ்சி, உருளைக்கிழங்கு என்று நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். படி இறங்கும்போதே வயிறு கனத்தது, ஏறும்போது மூச்சு முட்டியது, பசி வந்தபோது மணி ஒன்றரை. இரண்டாவது முறை சுமைகாரர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து அப்படியே செய்தேன். அன்றிலிருந்து அந்த வழக்கத்தை விடவில்லை.

எனவே காலை ஆறு மணிக்கு ஒரு டீ, ஒரே ஒரு குருங் ரொட்டி. கோதுமை மாவை வட்டமாகத் தட்டி நடுவில் கீறிவிட்டு எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். நம் பூரியைவிடக் கனமானது. தேனோடு தருவார்கள். எனக்கு ராத்திரி மீந்த தக்காளி அச்சார் (நம் துவையல், ஊறுகாய் மாதிரி) போதும். ஒரு ரொட்டி இரண்டரை மணி நேரம் தாங்கும், அதுதான் நமக்கு வேண்டியது.

தண்ணீர்ப் பாட்டிலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சோம்ரோங்குக்கு மேலே பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்பதில்லை. லாட்ஜில் காய்ச்சிய தண்ணீர் காசுக்குக் கிடைக்கும். 'தாத்தோ பானி' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் இன்னும் கூடுதல் நேரம். ஓடை எவ்வளவு தெளிவாக ஓடினாலும் நேராகக் குடிக்காதீர்கள், மேலே மேய்ச்சல் இருக்கும்.

படி இறங்கி, படி ஏறி

ஆறரைக்குள் நடையைத் தொடங்கிவிட வேண்டும். சோம்ரோங்கிலிருந்து கல்படி நேராகக் கீழே இறங்குகிறது. இரண்டாயிரத்துக்கு மேல் படிகள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நான் எண்ணவில்லை, முட்டி எண்ணியிருக்கும். கீழே சோம்ரோங் கோலா என்ற ஆறு. தொங்குபாலத்தில் அதைக் கடந்தால், இறங்கியதை எல்லாம் மறுபடி ஏறிக் கொடுக்க வேண்டும். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் கண்ணுக்கு நேரே தெரிகிற சினுவாவுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும்.

இறங்கும்போது பாதத்தை முழுதாக வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கியே வைத்துக்கொள்ளுங்கள். கைத்தடி இரண்டும் இருந்தால் இறக்கத்துக்குக் கொஞ்சம் நீளம் கூட்டி, ஏற்றத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கோவேறு கழுதைக் கூட்டம் எதிரே வந்தால் எப்போதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். சுமைகாரர் வந்தாலும் அப்படியே வழிவிட்டு நில்லுங்கள்.

ஏற்றத்தில் அவர்கள் நடக்கிற விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மெதுவாக, ஒரே சீராக, பேச்சு மூச்சில்லாமல் நடப்பார்கள். கையில் 'தோக்மா' என்ற, மேலே கைப்பிடி குறுக்காக வைத்த கட்டைக் கோல் இருக்கும். களைத்தால் கூடையை இறக்குவதில்லை. கோலை முதுகுக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நின்றபடியே மூச்சு விடுவார்கள். ஊர் ஓரங்களில் 'சௌதாரி' என்று ஒரு மேடை பார்க்கலாம். பெரிய மரத்தடியில் இடுப்பு உயரத்துக்குக் கல் அடுக்கியிருப்பார்கள், சுமையை அதன்மேல் வைத்து இளைப்பாற வசதியாக. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு நம் பழைய சாலையோரச் சுமைதாங்கிதான் நினைவுக்கு வந்தது. பாட்டி காலத்துக் கல் ஒன்று இமயமலையில் இன்னும் வேலையில் இருப்பதைப் பார்த்த சந்தோஷம் அது. நீங்களும் அங்கே நில்லுங்கள், ஆனால் சுமையோடு வருகிறவருக்கு இடம் விட்டு நில்லுங்கள்.

வழியில் எல்லோரையும் உறவு சொல்லியே கூப்பிடலாம். நமக்கு இது சிரமமே இல்லை. மூத்த பெண் 'தீதி', மூத்த ஆண் 'தாய்' (அண்ணன் என்று பொருள், நம் தாய் இல்லை), இளையவர்கள் 'பஹினி', 'பாய்'. லாட்ஜ் நடத்தும் அம்மாவை 'மேடம்' என்று கூப்பிடுவதற்கும் 'தீதி' என்று கூப்பிடுவதற்கும் தட்டில் விழும் சோற்றிலேயே வித்தியாசம் தெரியும். மலையில் எதிர்ப்படுகிறவர்கள் "கானா கானு பயோ?" என்று கேட்பார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று அர்த்தம். அது வணக்கம்போலத்தான், நம் ஊர் மாதிரியே. சாப்பிட்டிருந்தால் "காயேங்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஒன்பது மணி: சினுவாவில் சோறு

மேல் சினுவா சுமார் 2360 மீட்டர். ஒன்பது மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தால் நல்லது. உட்காரும் முன்பே தீதியிடம் போய் 'தால் பாத்' (பருப்பும் சோறும்) சொல்லிவிடுங்கள். பிறகு வந்து ஷூவைக் கழற்றுங்கள், வியர்த்த சட்டையை மாற்றுங்கள். சோறு வர முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்கூட ஆகும். அது தாமதம் கிடையாது, அப்போதுதான் அரிசியே களைவார்கள்.

அனுமதி கேட்டுவிட்டுச் சமையலறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். தீதி முற்றத்தில் எத்தனை தலை என்று ஒரு பார்வை பார்த்தார். பித்தளை 'மானா'வை எடுத்து அரிசியை முகந்து, விரலால் மேல்தலையை வழித்துவிட்டு, வாய்க்குள் எண்ணியபடி பாத்திரத்தில் கொட்டினார். மானா என்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அளவு. எட்டு மானா ஒரு 'பாத்தி'. கடைசி மானாவைப் போட்ட பிறகு ஒரு கை அரிசியை எடுத்து மறுபடி மூட்டைக்குள்ளேயே போட்டார். 19 வருஷம் படி கணக்கு எழுதிய எனக்கு அந்தக் கை நன்றாகத் தெரியும். மூட்டை காலியாகும்போது ஒரு கை அரிசியாவது உள்ளே இருக்க வேண்டும், வெறும் மூட்டை ஆகாது.

பருப்பு குக்கரில் வெந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறையும். பேஸ் கேம்ப் இருக்கும் 4130 மீட்டரில் 86 டிகிரியிலேயே கொதி வந்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. அதனால்தான் அந்த மலை முழுக்கக் குக்கர் விசில் கேட்கிறது. மூடுபனியில் லாட்ஜ் கண்ணுக்குத் தெரியாதபோதும் விசில் சத்தம் வந்தால் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

தட்டு வரும்போது நடுவில் சோறு குவிந்திருக்கும். கிண்ணத்தில் தண்ணீராகப் பருப்பு. கறுப்பு உளுந்தாக இருந்தால் அதிர்ஷ்டம். ஓரத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் சேர்ந்த தர்காரி, வதக்கிய கடுகுக்கீரை, அச்சார், ஒரு அப்பளம். அச்சாரில் நாக்கு லேசாக மரத்துப்போனால் அது 'திமூர்', மிளகு போன்ற ஒரு மலைக்காய். சில வீடுகளில் 'குந்த்ருக்' வரும். கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்தது, ரசம்போலக் காய்ச்சித் தருவார்கள். புளித்த வாசனையைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். வியர்த்து உப்பு இழந்த உடம்புக்கு அது கேட்கும்.

சாப்பிடும் முறையைச் சொல்கிறேன். கையால் சாப்பிடலாம், வலது கையால். எல்லாப் பருப்பையும் ஒரேயடியாகச் சோற்றில் கொட்டாதீர்கள். ஓரமாகக் கொஞ்சம் சோற்றை இழுத்து, அதற்கு வேண்டிய பருப்பை ஊற்றிப் பிசைந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் அச்சாரைத் தொட்டுக்கொள்ள வேண்டும். சோறு, பருப்பு, காய் மூன்றும் மறுபடி கேட்டு வாங்கலாம், அதற்குத் தனிக் காசு இல்லை. மெனுவில் இப்படி நிரப்பித் தருகிற பண்டம் இது ஒன்றுதான். தீதி பாத்திரத்தோடு பக்கத்தில் வருவார், கேட்காமலேயே கரண்டி சாய்ந்துவிடும். கொஞ்சம் போதுமென்றால் "அலி அலி", வேண்டாமென்றால் தட்டுக்கு மேல் கையை விரித்து "புக்யோ" என்று சொல்லுங்கள். மனசார "மீட்டோ ச" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிடுங்கள், ருசியாக இருக்கிறது என்று. வாங்கிய சோற்றை மீதம் வைக்காதீர்கள். அந்த அரிசி எந்த முதுகில் வந்தது என்று காலையில் பார்த்துவிட்டீர்கள்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே நான் முக்கியமாக நினைப்பது. நேபாளத்தில் 'ஜூட்டோ' என்று ஒரு சொல் உண்டு. அது நம் எச்சில்தான், ஒரு இழை மாறாமல். வாயில் பட்ட கரண்டி, கடித்த ரொட்டி, ஒருவர் சாப்பிடத் தொடங்கிய தட்டு எல்லாம் ஜூட்டோ. முதல் பயணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கரண்டியாலேயே பொது அச்சார்க் கிண்ணத்தில் அள்ளினேன். வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம், ஹோட்டல்தானே என்ற நினைப்பு. தீதி ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்துப்போய்ப் புதுக் கிண்ணத்தில் வேறு அச்சார் கொண்டுவந்து வைத்தார். என் பாட்டியும் அதைத்தான் செய்திருப்பார். வீட்டில் இருபது வயதுக்குள் கற்றதை விமானம் ஏறியதும் மறந்துவிட்டேனே என்று அன்று முழுக்க மனசு உறுத்தியது.

ஆகவே, பொதுப் பாத்திரத்திலிருந்து எடுக்கத் தனிக் கரண்டி. அடுத்தவர் பாட்டிலில் குடிக்க நேர்ந்தால் அண்ணாந்து, உதடு படாமல். ஒரே தால் பாத்தை வாங்கி இரண்டு பேர் பங்கு போட்டுச் சாப்பிடாதீர்கள். நிரப்பித் தருகிற சாப்பாட்டுக்கு அது நியாயமும் இல்லை, அவர்கள் கண்ணுக்கு அழகும் இல்லை. காசு கொடுக்கும்போதும் டம்ளர் வாங்கும்போதும் வலது கையை நீட்டி, இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டால் மரியாதை. அடுப்புக்குள் குப்பை போடக் கூடாது, டிஷ்யூ தாள்கூட. அடுப்பு அவர்களுக்குத் தெய்வம் இருக்கிற இடம். நடைபாதையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள், நீங்கள் மடக்கும் வரை நின்றுகொண்டே இருப்பார்கள். மடக்கிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் இருபது நிமிடமாவது உட்காருங்கள். சாப்பிட்ட கையோடு ஏறத் தொடங்கினால் குமட்டும்.

காட்டுக்குள்

சினுவா தாண்டியதும் காடு. ரோடோடெண்ட்ரான், ஓக், பாசி தொங்கும் கிளைகள். மார்ச், ஏப்ரலில் ரோடோடெண்ட்ரான் பூத்து வழியெல்லாம் சிவப்பு விழுந்து கிடக்கும். வலது பக்கம் வெகு கீழே மோதி கோலா ஆறு இரைந்துகொண்டே வரும். மரத்தில் முகம் கறுத்த லங்கூர் குரங்குகள் இருக்கும். கையில் தின்பண்டம் வேண்டாம்.

இந்த இடத்திலிருந்து மேலே இறைச்சி கொண்டுபோவதில்லை. மோதி பள்ளத்தாக்கு அம்மனின் இடம், இறைச்சி போனால் மலை கோபிக்கும், வானிலை கெடும் என்பது குருங் மக்களின் நம்பிக்கை. 1956-ல் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி உள்ளே போன காலத்தில் முட்டைக்கும் தடை, பெண்களுக்கும் தடை. இன்று அதே பள்ளத்தாக்கில் லாட்ஜ்களைப் பெண்களே நடத்துகிறார்கள், முட்டையும் பொரிக்கிறார்கள். இறைச்சிக் கட்டுப்பாடு மட்டும் நிற்கிறது. பையில் டின் மீன், உலர்ந்த இறைச்சி ஏதாவது இருந்தால் சோம்ரோங் லாட்ஜிலேயே கொடுத்து வைத்துவிட்டுப் போங்கள். யாரும் பையைச் சோதிக்கப் போவதில்லை என்பது காரணம் ஆகாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உலகத்தில் இதைவிட நிம்மதியான மலைப்பாதை இருக்குமா, தெரியாது. ஊரே சைவமாகி நமக்காகக் காத்திருப்பதுபோல இருக்கும். சமையலில் கடுகெண்ணெய் உண்டு, முதல் நாள் வாசனை தூக்கும், பிறகு பழகிவிடும்.

குல்தி என்ற இடம் தாண்டியதும் பாதை செங்குத்தாக இறங்கிப் பேம்பூவுக்குப் போகும். ஈரக் கல், எச்சரிக்கையாக இறங்குங்கள். பெயருக்கேற்ற மூங்கில் காடு, நாலைந்து லாட்ஜ். சினுவாவிலிருந்து இரண்டு மணி நேரம். பதினொரு மணிக்குக் கிளம்பியிருந்தால் ஒரு மணிக்கு வந்துவிடலாம்.

இங்கே காஜா நேரம். ஒரு பூண்டு சூப், அல்லது டீயும் வேகவைத்த உருளைக்கிழங்கும். அதற்கு மேல் வேண்டாம். பெரிதாக எதையும் இங்கே ஆர்டர் செய்யாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் பயணத்தில் நாங்கள் நாலு பேர் ஒன்றரை மணிக்கு இதே ஊரில் உட்கார்ந்து நாலு வித உணவு சொன்னோம். சமையலறையில் இரண்டே அடுப்பு, ஒரே ஆள். ஒவ்வொன்றாகத்தானே வர முடியும்? கடைசித் தட்டு வரும்போது மூன்று மணி. வெளியே வந்தால் மேகம் தரையில் இருந்தது, பத்து நிமிடத்தில் ஆலங்கட்டி மழை. மூங்கில் வேர் மேல் கால் வைத்து வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கியதில் ஒரு வாரம் கைத்தடி பிடிக்க முடியவில்லை. அந்தச் சமையல்காரர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. கூட்டமாகப் போனால் எல்லோரும் ஒரே பண்டம் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் சீக்கிரம் வரும், சூடாக வரும், கேஸும் மிச்சம்.

தோபான்: மாலையும் ராத்திரியும்

பேம்பூவிலிருந்து தோபான் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். சுமார் 2600 மீட்டர். மூன்று மணிக்குள் லாட்ஜில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வெளிச்சம் இருக்கிறது, ஹிமாலயா என்ற அடுத்த தங்குமிடம் வரை போய்விடலாம் என்று தோன்றும். கால் நன்றாக இருந்து, வானமும் தெளிந்திருந்தால் போகலாம். நான் போவதில்லை. அடுத்த நாட்களில் 3000 மீட்டர் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. இன்றைக்கு அவசரப்பட்டு லாபம் பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

வந்ததும் ஈரச் சட்டையை மாற்றிவிட்டு ராத்திரிச் சோற்றை ஆர்டர் நோட்டில் எழுதுங்கள், ஆறரை மணிக்கு. மறுபடி தால் பாத்தா என்று முகம் சுளிக்காதீர்கள். பருப்பும் சோறும் அன்றன்றைக்கு வேகவைப்பது, எத்தனை பேருக்கும் கைகூடி வருவது. பாஸ்தாவும் பீட்சாவும் மெனுவில் அழகாக எழுதியிருக்கும், ஆனால் அந்தக் கைகளுக்குப் பழகிய சமையல் அது இல்லை. பச்சைக் காய் சாலட் மட்டும் எங்கேயும் வேண்டாம், கழுவிய தண்ணீர் எது என்று நமக்குத் தெரியாது. 'தீதோ' சாப்பிட ஆசை இருந்தால் வந்ததுமே சொல்லி வையுங்கள். கேழ்வரகு அல்லது பாப்பரை (பக்வீட்) மாவைக் கொதிநீரில் கிண்டி எடுப்பது, நம் களிதான். மெல்லாமல் குந்த்ருக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். களி தின்று வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் தீதோ உருண்டையை உருட்டி நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றியதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த வயதான சுமைகாரர் தன் தட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர் தட்டிலும் அதே குழி.

பசி இருக்கிறதா என்று இந்த நேரத்தில் உங்களையே கவனியுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாததற்கு முதலில் வரும் அறிகுறிகளில் ஒன்று சோறு பிடிக்காமல் போவது, கூடவே தலைவலி. தோபானில் பெரும்பாலும் வராது, ஹிமாலயாவையும் தாண்டி இருக்கும் தேவ்ராலிக்கு மேலே வரும். வந்தால் அங்கேயே தங்குங்கள், மேலே ஏறாதீர்கள். நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரி என்று பார்க்காமல் இறங்க வேண்டும். பூண்டு சூப் இதம்தான், ஆனால் அது மருந்து இல்லை. மாத்திரை போடுவது பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கோதோ ரக்‌ஷி என்ற கேழ்வரகுச் சாராயத்தை யாராவது அன்போடு நீட்டினால், இறங்கி வரும்போது குடிக்கிறேன் என்று சொல்லிவிடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சாப்பிடும்போது ஒன்று கவனிப்பீர்கள். வழிகாட்டிகளே தட்டு எடுத்துவந்து பரிமாறுவார்கள். விருந்தினர் எல்லோரும் முடித்த பிறகுதான் அவர்களும் சுமைகாரர்களும் உட்காருவார்கள். கூட்டமான மாதங்களில் அதே சாப்பாட்டுக் கூடத்தின் பெஞ்சில்தான் அவர்கள் படுக்கவும் வேண்டும். நாம் சூடான மேஜையைப் பிடித்துக்கொண்டு பத்து மணி வரை சீட்டு விளையாடினால் அவர்கள் பசியோடும் தூக்கத்தோடும் சுவரில் சாய்ந்து காத்திருப்பார்கள். ஏழரைக்குச் சாப்பிட்டு முடித்து, எட்டு மணிக்குக் கூடத்தைக் காலி செய்துவிடுங்கள். உங்களோடு வரும் வழிகாட்டியிடம் "தால் பாத் காயௌ, பாய்?" (சாப்பிட்டாயா, தம்பி?) என்று கேட்காமல் அறைக்குப் போகாதீர்கள்.

போகும் முன் மூன்று வேலை. பில்லைப் பார்த்து இரவே காசைக் கொடுத்துவிடுங்கள், காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள். பாட்டிலில் கொதிநீர் வாங்கி, மூடியை இறுக்கி, ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் படுக்கையும் சூடாகும், காலையில் குடிக்க ஆறிய தண்ணீரும் ஆயிற்று. நோட்டில் நாளைக்கு எழுதுங்கள்: ஒரு டீ, ஒரு குருங் ரொட்டி, ஆறு மணி.